எடுத்துக்காட்டில் எழுதிய எண்

நேற்று வரை பதினோரு விநாடி ஓடிய குரல்பதிவு இன்று காலை ஒன்பது விநாடியிலேயே நின்றது. "அம்மா, மழ வந்துகினு கீது, துணி நனையுது, சீக்கிரம் வா" என்று முடிய வேண்டும். 'சீக்கிரம் வா' இல்லை. கலைவாணி மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறை துணியும் நனையவில்லை, மழை மட்டும் வந்துகொண்டிருந்தது.

உதயா அவளுடைய ஒரே மகள். போன ஆடியில், ஆறு வயதில், காய்ச்சலில் போய்விட்டாள். பழைய போன் கெட்டுப்போகும் முன், இருந்த ஒரே குரலைக் கம்பெனி சர்வரில் தனக்குக் கொடுத்த சோதனை இடத்தில் கலைவாணி போட்டு வைத்தாள். செய்யக்கூடாதுதான். ஆனால் போனைவிட அது பத்திரம் என்று நம்பினாள். பதிவு எண் 40716. சாமி பெயரைவிட அதைத்தான் அதிகம் சொல்லியிருப்பாள்.

திருப்பதியில் வாடகை வீட்டுச் சமையலறை மேசைதான் அவள் ஆபீஸ். பதிவுகளை அழிக்கும் ஏபிஐ என்ற மென்பொருள் கருவி ஒன்றுக்கு விளக்கம் எழுதியிருந்தாள். படிக்கப்போவது மனிதர்கள் இல்லை, தானாக வேலை செய்யும் ஏஐ ஏஜென்ட்டுகள். "அதுங்களுக்கு ஜாடை புரியாது வாணி. எழுதினத அப்டியே செய்யும். சந்தேகமே வராத மாதிரி எழுது" என்று மேலாளர் பத்மினி சொல்லியிருந்தாள். அவளும் எழுதினாள். பதிவோடு தொடர்புள்ள அனைத்தையும் அழி. முன்பே அழிந்திருந்தால் அதையும் வெற்றியாகக் கொள். எதுவும் மிஞ்சவில்லை என்று உறுதியாகும் வரை திரும்ப இயக்கு. கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிக் கொடுத்த வரிகள்.

கீழே எடுத்துக்காட்டுக்கு ஓர் எண் தேவைப்பட்டது.

இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தாள். நான்கு, பூஜ்யம், ஏழு, ஒன்று, ஆறு. கை தானாக அடித்திருக்கிறது. ஏதோ ஒரு ஏஜென்ட் எடுத்துக்காட்டையே கட்டளையாக எடுத்துக்கொண்டு, காலையிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தது. ஓடிய விவரம் திரையில் வரிவரியாக நின்றது. கடைசி வரி: 'மிஞ்சியவை: 4.'

இருந்ததே ஒரு குரல். அதில் என்ன நான்கு?

பத்மினிக்குப் போன் போட்டாள். "அத நிறுத்துங்க மேடம். என் கொழந்த குரல் அது."

"அப்பவே நிறுத்தியாச்சு வாணி. இப்ப எதுவும் ஓடல. குரல் போயிடுச்சும்மா. திரும்ப எடுக்க முடியல. மன்னிச்சிடு."

கலைவாணி அழுதாள். வெயில் கொளுத்தும் மதியத்தில் தெருவில் ஒரு சத்தமும் இல்லை. குழாய் சொட்டும் ஓசை, பிரிட்ஜின் முனகல், அடுப்பில் ஆறிப்போன ரசத்தின் புளிப்பு வாசனை. எல்லாவற்றுக்கும் அடியில், நிறுத்திவிட்டதாகச் சொன்ன அந்தத் திரையில், ஒரு வரி மெதுவாக ஏறியது.

மிஞ்சியவை: 3.

நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். காளஹஸ்தியில் மூவரும் எடுத்த படம். புருஷன் பிரவீன் நின்றான். பக்கத்தில் அவள், ஒருபக்கம் இடுப்பை ஒடித்து, எதையோ தூக்கியிருப்பதுபோல் கையை வளைத்துக்கொண்டு. கைக்குள் கோயில் சுவர் தெரிந்தது.

சாமி அலமாரிக்கு ஓடினாள். வீட்டில் இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவது அவர்கள் ஊரான நகரியின் வழக்கம். மஞ்சள் நனைத்த உதயாவின் சிவப்புப் பாவாடை அங்கே பெட்டியில் இருக்கும். பெட்டியைத் திறந்தாள். மஞ்சள் வாசனை இருந்தது. மடித்த தடம் இருந்தது. பாவாடை இல்லை.

மிஞ்சியவை: 2.

ஸ்ரீ சிட்டி பேக்டரியில் ஷிப்டில் இருந்த புருஷனைக் கூப்பிட்டாள். "இன்னாங்க, உதயா பாவாடைய எங்கனா வெச்சீங்களா?"

மெஷின் இரைச்சலுக்கு நடுவே அவன் யோசித்தான். "உதயாவா? யாரு அது?"

"நம்ம கொழந்தைங்க."

"நமக்கு ஏது கொழந்த வாணி? இன்னா சொல்லிகினு கீற நீ? சோறு துன்னியா இல்லியா?" பாசமாகத்தான் கேட்டான்.

போனைக் கீழே வைத்தாள். திரையைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. உதயாவை நினைப்பவர்களில் மிச்சம் யார் என்று தெரிந்துவிட்டது.

மஞ்சளைக் குழைத்துச் சுவரில் பெயரை எழுதத் தொடங்கினாள். உ. த. விரல் நின்றது. அடுத்த எழுத்து. வாயில் இருக்கிறது. ஆறு வருஷம் கூப்பிட்ட பெயர். மழை. ஏதோ மழை. துணி.

விரலில் ஏன் மஞ்சள்?

ஒன்றும் புரியவில்லை. எதற்கு என்று தெரியாமலே கண்ணீர் வழிந்தது. அவள் துடைக்கக் கையை எடுத்தாள். வரவில்லை. இடது கை வளைந்து இடுப்போடு நின்றது.

கையில் கனம்.

இடுப்பைச் சுற்றி இரண்டு சின்னக் கால்கள். ஈரம். மழையில் நனைந்த தலைமுடி கழுத்தில் ஒட்டியது. காதருகே மூச்சு, நாள் முழுக்கக் காத்திருந்த மூச்சு.

கலைவாணி அசையாமல் நின்றாள்.

"யாரு நீ?" என்று கேட்டாள்.

கழுத்தைக் கட்டியிருந்த விரல்கள் ஒரு கணம் தளர்ந்தன. பிறகு, விழுந்துவிடுவோமோ என்று பயந்த குழந்தையைப்போல், இறுக்கிப் பிடித்துக்கொண்டன.