முந்நூறு லிட்டர் பால்

அன்று காலையிலிருந்தே அணிலுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அணில் என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. பால்பற்கள் விழுந்த இடத்தில் இரண்டு முன்பற்கள் அவசரப்பட்டுப் பெரிதாக முளைத்துவிட்டன. போதாக்குறைக்கு, ஓரிடத்தில் நிற்கவும் மாட்டாள். பிறகு வேறென்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்?

அணிலின் அம்மா பால் பண்ணை நடத்துகிறார். பதினான்கு கறவை மாடுகள், ஐந்து கன்றுகள், கறந்த பாலைக் குளிர வைக்கும் பெரிய எஃகுத் தொட்டி ஒன்று. அந்தப் பண்ணையைப் பார்க்கத்தான் அன்று மாலை நகரத்துப் பள்ளியிலிருந்து முப்பத்திரண்டு பிள்ளைகள் பஸ்ஸில் வரப்போகிறார்கள்.

ஏற்பாடு செய்தவர் பால் சங்கத்து மேடம். "போன பள்ளிக்கூடத்துல, பால் எங்கிருந்து வருதுன்னு கேட்டேன். ஒரு பையன் எழுந்து, 'ஃப்ரிட்ஜ்ல இருந்து'ன்னு சொல்றான். இப்படியே விட்டா சரிப்படாதுன்னுதான் நேரா கூட்டிட்டு வர்றேன்" என்றார்.

அணிலுக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். கன்றுக் கொட்டகையைச் சுற்றிக் காட்ட வேண்டும். அதற்காக 'வழிகாட்டி' என்று எழுதிய அட்டையை அவள் சட்டையில் குத்திவிட்டார் மேடம். அணில் அதைக் குனிந்து குனிந்து பார்த்ததில் கழுத்தே வலித்தது.

பிள்ளைகள் வருவதற்குள் பண்ணை பளிச்சென்று இருக்க வேண்டாமா? முதலில் கறவைக் கொட்டகைச் சுவரில் இருந்த கரும்பலகையை எடுத்துக்கொண்டாள். அதில் என்னென்னவோ கிறுக்கியிருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'வருக! வருக!' என்று நான்கு வண்ணத்தில் எழுதினாள். ஓரத்தில் ஒரு பூவும் வரைந்தாள்.

அடுத்து மாடுகள். வாசலுக்கு நேராக முதலில் நிற்பவள் வெள்ளச்சி. வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுபவள் அவள்தான். அவளைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். பின்னங்காலில் கட்டியிருந்த பட்டை அழுக்காக இருந்தது. கழற்றி அலசினாள். காலையும் நன்றாகத் தேய்த்தாள். ஈரப் பட்டையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, அடுத்த மாட்டிடம் ஓடினாள்.

மூன்று மணிக்கு பஸ் வந்தது. அதே நேரத்தில், பண்ணையில் பால் கறக்கும் மாமாவும் வந்து சேர்ந்தார். நான்கு நாள் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தவர், பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகக் கொட்டகைக்குள் போய்க் கறவை இயந்திரத்தைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். அம்மா அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முப்பத்திரண்டு பிள்ளைகளும், "வணக்கம் ஆன்ட்டி!" என்று ஒரே நேரத்தில் கத்தினார்கள். மாடுகள் பதினான்கும் திரும்பிப் பார்த்தன.

பாதிப் பிள்ளைகள் அம்மாவோடு பால் தொட்டியைப் பார்க்கப் போனார்கள். மீதிப் பாதி அணிலோடு கன்றுக் கொட்டகைக்கு வந்தது.

அந்தக் கூட்டத்தில் கண்ணாடி போட்ட ஒரு பையன் இருந்தான். அவன் வாயைத் திறந்தாலே 'ஏன்' என்றுதான் வரும். வகுப்பில் அவனுக்குப் பெயரே 'ஏன்' என்று ஆகிவிட்டிருந்தது.

"அக்கா, கன்னுக்குட்டிக்கு ஏன் கம்மல் போட்டிருக்கீங்க?"

"அது கம்மல் இல்ல. நமக்கு ரோல் நம்பர் இருக்குல்ல, அந்த மாதிரி."

"அந்தக் கன்னுக்குட்டி ஏன் சும்மா மென்னுக்கிட்டே இருக்கு? யாரும் திட்ட மாட்டாங்களா?"

"தின்ன புல்லைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து நல்லா மெல்லும். திட்டினாலும் கேட்காது."

எதைக் கேட்டாலும் அணிலிடம் பதில் இருந்தது. கூட வந்த டீச்சர், "அடேயப்பா, எல்லாம் விரல் நுனியில வெச்சிருக்கியே!" என்றார். அணிலின் நெஞ்சு ஓர் அங்குலம் நிமிர்ந்தது.

அவள் ஒரு கன்றுக்குப் புட்டியில் பால் புகட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது, 'ஏன்' மறுபடியும் கை தூக்கினான்.

"அக்கா, உங்க பாக்கெட்ல இருந்து சிவப்பா என்னமோ தொங்குதே, அது ஏன்?"

"இதுவா?" அணில் வெளியே இழுத்துக் காட்டினாள். "இது மாட்டோட காலுல கட்டுற பட்டை. ஒரு மாட்டுக்கு உடம்பு சரியில்லன்னு டாக்டர் ஊசி போட்டார்னு வெச்சுக்கோ. அந்த மருந்து கொஞ்சம் பால்லயும் வரும். அதனால நாலு நாளைக்கு அந்த மாட்டுப் பாலைத் தனியா கறந்து கொட்டிடணும். மத்த பாலோட கலக்கவே கூடாது. கறக்கிறவங்க மறந்துடக் கூடாதுன்னு பலகையிலயும் எழுதிப் போடுவோம், அதோட காலுல இந்தச் சிவப்புப் பட்டையையும் கட்டி..."

குரல் தேய்ந்தது.

"கட்டி?"

"கட்டி... வைப்போம்."

"அப்ப இது ஏன் உங்க பாக்கெட்ல இருக்கு?"

அணில் பட்டையை உற்றுப் பார்த்தாள். வெள்ளச்சிக்கு மடி வீங்கி, டாக்டர் வந்து ஊசி போட்டது முந்தாநாள். பட்டையைக் கழற்றியது அவள். பலகையை அழித்ததும் அவள். மாமாவோ அன்று ஊரிலேயே இல்லை.

"இதைக் கொஞ்சம் பிடி!" என்று புட்டியை 'ஏன்' கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

கறவைக் கொட்டகையில் மாமா நிதானமாக இயந்திரத்தை மாட்டிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா! வெள்ளச்சியைக் கறந்தாச்சா?"

"அவளைத்தான் முதல்ல கறந்தேன். எல்லாம் தொட்டியில ஊத்தியாச்சு. பன்னெண்டு முடிஞ்சது, இன்னும் ரெண்டுதான் பாக்கி. ஏன் இப்படி மூச்சு வாங்குது உனக்கு?"

அணில் சட்டென்று பால் தொட்டிப் பக்கம் திரும்பினாள்.

பக்கத்து அறைக் கதவு திறந்தேதான் இருந்தது. தொட்டியைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றார்கள். உள்ளே துடுப்பு மெல்லச் சுழன்று பாலைக் கலக்கிக்கொண்டிருந்தது. காலையில் கறந்ததும் இப்போது கறந்ததுமாக முந்நூறு லிட்டர். அத்தனையும் ஒரே வெள்ளை. எந்தச் சொட்டு வெள்ளச்சியுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியவும் தெரியாது.

ஒரு சின்னப் பெண் எக்கி எக்கித் தொட்டிக்குள் பார்க்க முயன்றாள். அம்மா அவளைத் தூக்கிக் காட்டினார். "பாத்தியா? இன்னும் கொஞ்ச நேரத்துல வண்டி வந்து இதை எடுத்துட்டுப் போகும். நாளைக்குக் காலையில உன்னை மாதிரி பிள்ளைங்க குடிப்பாங்க."

அம்மா முகத்தில் அப்படி ஒரு பெருமை. அணில் அதை ஒரு கணம் பார்த்தாள். பிறகு நேராகப் போய், அம்மாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து வந்தாள். உள்ளங்கையை விரித்துச் சிவப்புப் பட்டையைக் காட்டினாள்.

"வெள்ளச்சியைக் குளிப்பாட்டும்போது நான்தான் கழட்டினேன். திரும்பக் கட்ட மறந்துட்டேன். பலகையையும் அழிச்சுட்டேன். மாமாவுக்குத் தெரியாதும்மா. கறந்து தொட்டியில ஊத்திட்டார்."

தொட்டியைப் பார்த்தார். பட்டையைப் பார்த்தார். அணில் திட்டு விழும் என்று கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"கண்ணைத் திற. பட்டையைக் கழட்டினது உன் தப்பு. பலகையில இருக்குன்னு நினைச்சுக்கிட்டு, மாமாகிட்ட வாயால ஒரு வார்த்தை சொல்லாம விட்டது என் தப்பு. ரெண்டு பேரும் சேர்ந்து சரி பண்ணலாம்" என்றார் அம்மா.

விஷயம் தெரிந்ததும் பால் சங்கத்து மேடத்துக்கு வியர்த்துவிட்டது. "கொட்டித்தான் ஆகணும், அதுல பேச்சே இல்ல. ஆனா பிள்ளைங்க முன்னாடி வேண்டாம். பஸ் கிளம்பினப்புறம் கொட்டிக்கலாம். நல்ல நாளும் அதுவுமா, பண்ணையைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்று கிசுகிசுத்தார்.

அம்மா யோசித்தார். அவர் பதில் சொல்வதற்குள் அணில் முந்திக்கொண்டாள்.

"அவங்க முன்னாடியே கொட்டலாம் மேடம்."

"என்ன?"

"பால் எப்படி வருதுன்னு காட்டத்தானே கூட்டிட்டு வந்தீங்க? எப்பப் பால் வரக் கூடாதுன்னும் அவங்க பார்க்கட்டும். நானே சொல்றேன்."

மேடம் அம்மாவைப் பார்த்தார். அம்மா, "வழிகாட்டி சொன்னா கேட்டுக்க வேண்டியதுதான்" என்றார்.

பத்து நிமிடத்தில் எல்லாப் பிள்ளைகளும் கொட்டகைக்குப் பின்னால் கூடினார்கள். மாமா தொட்டியின் அடியில் நீளமான குழாயை மாட்டி, மறுமுனையைச் சாணக் குழிக்குள் விட்டார். அணில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் ஏறி நின்றாள்.

"இந்தப் பால்ல மருந்து கலந்துடுச்சு. நான்தான் காரணம்" என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

அம்மா தொட்டிக் குழாயின் திருகைத் திறந்தார். பால் வெள்ளை வெளேரென்று பாய்ந்தது. கறுப்புச் சாணத்தின் மேல் விழுந்து நுரைத்தது. முப்பத்திரண்டு பேரும் குழியை எட்டிப் பார்த்தார்கள்.

முதலில் வாயைத் திறந்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

"ஏன் எல்லாத்தையும் கொட்டணும்? ஒரு மாட்டுப் பால்தானே?"

"கலந்தப்புறம் எப்படிப் பிரிக்கிறது?"

"ஏன் கொதிக்க வெச்சுக் குடிக்கக் கூடாது?"

"கொதிக்க வெச்சா கிருமி செத்துடும். மருந்து போகாது."

"கன்னுக்குட்டிக்குக் கொடுக்கலாமே, அதை ஏன்..."

"அதுக்குத்தான் உடம்பு நல்லா இருக்கே! உனக்குக் காய்ச்சல் இல்லாதப்ப மாத்திரை போட்டுக்குவியா?"

'ஏன்' பலமாகத் தலையாட்டி மறுத்தான். பிறகு, "சரி, ஏன் சாக்கடையில விடல?" என்றான்.

அணில் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சாக்கடை போய்ச் சேர்றது ஆத்துல. இவ்வளவு பால் தண்ணியில கலந்தா மீன் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். அதான் குழியில விடுறோம்" என்றார் அம்மா.

'ஏன்' சாணக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றான். எக்கிப் பார்த்த அந்தச் சின்னப் பெண் அணிலின் பக்கத்தில் வந்து, சட்டை நுனியைப் பிடித்தாள்.

"அக்கா, எங்க வீட்டுக்கு வர்ற பாலையும் யாராவது இப்படிப் பாத்துக்குவாங்களா?"

"பாத்துக்குவாங்க. இந்தப் பண்ணையில இருந்து வந்தா, நான் பாத்துக்குவேன்" என்றாள் அணில்.

தொட்டி காலியாக இருபது நிமிடம் ஆனது. கடைசிச் சொட்டு விழுந்தபோது மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தூசி" என்றார். அங்கே தூசி ஒன்றும் இல்லை.

இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது. கிளம்பும்போது ஆளுக்கு ஒரு டம்ளர் சூடான பால் தருவதாகப் பேச்சு. தொட்டியோ துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது.

"இன்னும் ரெண்டு மாடு கறக்காம நிக்குதே!" என்று துள்ளினாள் அணில். மாமா சுத்தமான கேனை எடுத்துக்கொண்டு ஓடினார். அந்த இரண்டும் என்ன நினைத்தனவோ, வழக்கத்தைவிடத் தாராளமாகவே கறந்தன. அம்மா காய்ச்சினார். அணில் ஊற்றிக் கொடுத்தாள். ஒருவர்கூட மிச்சம் வைக்கவில்லை. டீச்சர் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

பஸ் புறப்பட்டபோது ஜன்னல்களில் இருந்து முப்பத்திரண்டு கைகள் ஆடின.

ஐந்தரை மணிக்குப் பால் வண்டி வந்தது. ஓட்டுநர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனவர், போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"என்னங்க இது, தொட்டி காலியா இருக்கு? பத்து வருஷமா வர்றேன், ஒரு நாளும் இப்படி ஆனதில்லையே?"

"இன்னைக்குப் பால் இல்லைங்க" என்றார் அம்மா.

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். வண்டியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து வந்தார். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பணும். என்னன்னு எழுதட்டும்? மாட்டுக்குச் சீக்குன்னு போட்டுடவா?"

"வேண்டாம். என் பொண்ணு எழுதுவா" என்றார் அம்மா, பேனாவை அணிலிடம் நீட்டியபடி.

அணில் படிவத்தை வண்டியின் படிக்கட்டில் வைத்துக் குனிந்தாள். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள். பிறகு, கட்டத்துக்குள் அடங்கும்படி குண்டு குண்டாக எழுதினாள்: 'தவறு நடந்தது. பால் வெளியே போகவில்லை.' கீழே தன் கையெழுத்தையும் போட்டாள். அதுதான் அவளுடைய முதல் கையெழுத்து.

ஓட்டுநர் அதை இரண்டு முறை படித்தார். "இங்க பண்ணைப் பொறுப்பாளர் கையெழுத்துல்ல போடணும்?" என்றார்.

"போட்டாச்சே" என்றார் அம்மா.