பதினாலாம் நம்பர் கார்

பதினாலாம் நம்பரைக் கூப்பிட்டபோது இரண்டு பேர் பதில் சொன்னார்கள்.

முதலாவது குரல், கனகாம்பிகை ரேடியோப் பொத்தானிலிருந்து விரலை எடுத்த அதே கணத்தில் வந்தது. "பதினாலு. ஓம் அக்கா." அதை மிதித்துக்கொண்டு இரண்டாவது வந்தது. "பதினாலு. ஓம் தங்கச்சி, சொல்லுங்கோ."

இரண்டாவது சூசைதாசன். அவர் மன்னாரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், ஐம்பது வயது, அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். முதலாவது யாரோ பொத்தானை மாறி அழுத்தியதாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அண்ணை, என்ரை மகளைப் பள்ளிக்கூடத்தில எடுத்துக்கொண்டு வரோணும். வாசல்ல ரீச்சரோட நிப்பா. பதினாலாம் நம்பர் வரும் எண்டு சொல்லியிருக்கிறன்."

"வாடகை ஆர் தாறது, சபாரத்தினத்தாரோ?" என்று சிரித்தார் சூசைதாசன். லண்டன் மனோர் பார்க்கில் அந்த மினிகாப் வாடகைக்கார்க் கம்பனியை வைத்திருந்த சபாரத்தினம் ஒரு தேநீரைக்கூடச் சும்மா கொடுக்காதவர்.

மணி நாலரைதான். ஆனால் டிசம்பர், வெளியே இருட்டி அரை மணி நேரமாகியிருந்தது. காலையிலிருந்து இறங்கிய பனிப்புகார் கடைவிளக்குகளை மஞ்சள் பஞ்சாக ஆக்கியிருந்தது. கனகாம்பிகையின் அறை இரண்டு ஆள் படுக்கத்தான் காணும்: நாலு தொலைபேசி, ஒரு ரேடியோ, பரஃபின் ஹீட்டரின் எரிந்த வாசம், முன்னால் தடித்த கண்ணாடி, அதற்கு அப்பால் வாடிக்கையாளர் உட்கார்ந்து காத்திருக்கும் வாங்கு, அதற்கும் அப்பால் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். குடிகாரருக்குப் பயந்து கதவை உள்ளே பூட்டிவைத்திருப்பாள். லண்டனுக்கு வந்து நாலு வருடத்தில் அவள் நடந்து பார்த்த தெருக்கள் பத்துக்குமேல் இராது. ஆனால் வரைபடப் புத்தகத்தில் ஒவ்வொரு சந்தும் அவளுக்குத் தெரியும். ஊரிலிருந்து வந்து இறங்கிய டிரைவர்ப் பெடியன்களைப் புத்தகத்தில் விரலை ஊன்றிக்கொண்டு அவள்தான் திருப்பித் திருப்பிக் கொண்டுபோவாள். இடது. வலது. நேரே போம் தம்பி.

பதினாலாம் நம்பர் முப்பத்தொரு நாள் சும்மா கிடந்தது. அதை ஓட்டிச் செத்துப்போன யோகலிங்கத்தின் அந்தியேட்டிச் சடங்கு முடியட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். முடிந்த மறுநாள் சபாரத்தினம் அந்த நம்பரைச் சூசைதாசனுக்குக் கொடுத்தார். இன்றுதான் அவள் அதை முதன்முதலாக வாய்விட்டுச் சொல்கிறாள்.

பத்து நிமிடம் கழித்து சூசைதாசன் ரேடியோவில் வந்தார். "தங்கச்சி, பிள்ளையை ஏற்கெனவே பதினாலாம் நம்பர் கூட்டிக்கொண்டு போட்டுதாம். அப்ப நான் ஆர்?"

அவர் பகிடி விடுவதாக நினைத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். ரீச்சர் உற்சாகமாகப் பேசினாள். ஆம், நிரோஜினி போய்விட்டாள். காரின் முன்கண்ணாடியில் பதினாலு என்ற அட்டை இருந்தது. மிகவும் மரியாதையான இளைஞன். பாவம், உடுப்பெல்லாம் நனைந்திருந்தது. அங்கே மழையா?

மழை இல்லை.

தொலைபேசியை வைத்தாள். அவள் பொத்தானை அழுத்தினாள். யோசித்திருந்தால் வேறு விதமாகச் சொல்லியிருப்பாள். பழக்கம் முந்திக்கொண்டது.

"பதினாலு, உடனே ஒஃபிஸுக்கு வாங்கோ."

"வாறன் தங்கச்சி," என்றார் சூசைதாசன்.

"வாறன் அக்கா," என்றது மற்றது. "வழி சொல்லுங்கோ."

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். முப்பத்திரண்டு நாளாக, பாத்திரம் கழுவும்போதும் மகளுக்குத் தலை இழுத்துப் பின்னும்போதும், அதைக் கேட்காமல் இருப்பதற்காகவே அவள் எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அன்றும் இதே புகார். "அக்கா, றோட்டைக் காணேல்லை. எந்தப் பக்கம் திரும்ப?" நாலு தொலைபேசியும் அடித்துக்கொண்டிருந்தன. "பதினாலு, ஸ்டாண்ட் பை," என்றாள். அப்படிச் சொன்னால், தன் நம்பரைத் திரும்பக் கூப்பிடும்வரை டிரைவர் வாய் திறக்கக்கூடாது. அதுதான் சட்டம். யோகலிங்கம் சட்டத்துக்குப் பயந்த பெடியன். அகதி விண்ணப்பம் முடியாதவன். அவன் காத்திருந்தான். அவள் மறந்துபோனாள். புகாருக்குள் கரை தெரியாமல் விழுந்த காரை, அவனோடு சேர்த்து, மறுநாள் பழைய கப்பல்துறைத் தண்ணீரிலிருந்து தூக்கினார்கள்.

டிரைவர்கள் பேசுவது அவளுக்கு மட்டும்தான் கேட்கும். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. ஆகவே வேறு யாருக்கும் தெரியாது. பொலிஸ் கேட்டபோது, அவன் கூப்பிடவே இல்லை என்றாள். செத்தவீட்டில் அவன் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோதும் அதையேதான் சொன்னாள்.

"தம்பி," என்றாள் இப்போது. "பிள்ளை..."

"இருக்கிறா அக்கா. பெல்ட் போட்டிருக்கிறா." அவன் குரலில் கோபமே இல்லை. "நீங்கள் கூப்பிடுவியள் எண்டு தெரியும். நான் அங்கேயேதான் நிண்டனான்."

பிறகு இரைச்சலுக்குள் சின்னக் குரல். "அம்மா, இந்த அங்கிளுக்கு றோட் தெரியாதாம். நீங்கள்தான் சொல்லோணுமாம்."

கனகாம்பிகை கதவுப் பூட்டின் திறப்பைத் தேடி எடுத்தாள். கணவன் ஆறு மணிவரை ஃபக்டறியில். சூசைதாசன் புகாருக்குள் எங்கோ. தெருவுக்கு ஓடினால், யாரையாவது கூப்பிட்டால். மைக்கை மேசையில் வைத்துவிட்டு இரண்டு அடி வைத்திருப்பாள்.

ரேடியோ இருமியது. குழந்தையின் இருமல். "அம்மா! கதையுங்கோ! நீங்கள் கதைக்காட்டி உள்ளுக்குத் தண்ணி வருது!"

அவள் பாய்ந்து மைக்கை எடுத்தாள். "நிரோ, நிரோ, அம்மா இஞ்ச இருக்கிறன், கதைச்சுக்கொண்டுதான் இருக்கிறன்."

"ஓகே," என்றது சின்னக் குரல். "இப்ப குறையுது. சொக்ஸ் மட்டும்தான் நனைஞ்சிருக்கு."

"நிரோ, வெளியில என்ன தெரியுது?"

"ஒண்டுமில்லை. ஒரு சேர்ச். பிறகு ஒரு பாலம்."

விரல் வரைபடத்தில் ஓடியது. கண்டுபிடித்தது. அவள் சொல்லத் தொடங்கினாள். இடது. விளக்கு வரும், நேரே. ரோம்ஃபோர்ட் ரோட்டில் ஏறினவுடன் வலது. இவ்வளவு தெளிவாக அவள் யாருக்கும் வழி சொன்னதில்லை. தொலைபேசிகள் அடித்தன. நாலும். ஒன்றையும் தொடவில்லை. கடைப்பையோடு வாங்கில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி எழுந்துவந்து காசால் கண்ணாடியைத் தட்டி, தன் கார் எங்கே என்று கேட்டாள். பிறகு கனகாம்பிகையின் முகத்தைப் பார்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

"நல்லாச் சொல்லுறியள் அக்கா," என்றான் அவன். "அண்டைக்கும் இப்பிடித்தான் நினைச்சனான். அக்கா சொன்னால் பிழைக்காது எண்டு."

"தம்பி, பிழை என்னிலதான். என்னை என்னவும் செய்யும். பிள்ளையை விடும்."

"பரவாயில்லை அக்கா. அடுத்தது எந்தப் பக்கம்?"

வலது. இடது. மூச்சு எடுக்கும்போதெல்லாம் ரேடியோவில் தண்ணீர் அலம்பியது. மூச்சைச் சிறிதாக்கினாள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் இடம் விடவில்லை.

"அம்மா, எனக்குக் குளிருது."

"வந்திட்டீங்கள் நிரோ, இந்தத் திருப்பம்தான், வந்திட்டீங்கள்."

தெரு ஜன்னலில் இரண்டு மங்கிய வெளிச்சங்கள் வந்து நின்றன. சத்தமே இல்லை. எஞ்சின் ஓடவில்லை. முன்கண்ணாடியில் அட்டை. காருக்குள் விளக்கு எரிந்தது, பச்சையாக. பின் இருக்கையில் மகளின் மஞ்சள் கோட்.

"வந்தாச்சு அக்கா. கதவு உள்ளுக்கால திறக்குதில்லை. நீங்கள் வந்து திறவுங்கோ."

மைக்கைப் பிடித்தபடியே பூட்டைத் திறந்தாள். சுருள் வயர் நீண்டது. வாங்கைத் தாண்டினாள். வயர் இன்னும் நீண்டது. தெருக்கதவுக்கு மூன்று அடி இருக்கும்போது நின்றுவிட்டது. இழுத்தாள். ரேடியோப் பெட்டி மேசையில் நகர்ந்து, ஒருதரம் கரகரத்தது. இழுக்கப் பயந்தாள்.

மைக்கை விட்டுவிட்டு ஓட எத்தனை நொடி? கதவு. நடைபாதை. கார்க் கைபிடி. அது திறக்காவிட்டால்?

அவள் ஒரு கணம் வாயை மூடிக் கணக்குப் பார்த்தாள். கார்க் கண்ணாடிக்குள் பச்சைத் தண்ணீர் மஞ்சள் கோட்டின் கழுத்துவரை ஏறியது.

"ரோம்ஃபோர்ட் ரோட்," என்று கத்தினாள். தண்ணீர் இறங்கியது. "சேர்ச் ரோட். இடது. நேரே." தோளுக்குக் கீழே. நெஞ்சுக்குக் கீழே. நிரோஜினி அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"சூசை அண்ணை, ஓடி வாங்கோ. நிரோ, பாத்துக்கொண்டிரு. இடது. வலது." தெருப் பெயர்கள். தெரிந்த எல்லாப் பெயர்களும். தொண்டை காய்ந்தது. புத்தகம் உள்ளே மேசையில். வலது. இடது. பெயர்கள் முடிந்துகொண்டு வந்தன. குரல் கீச்சிட்டது. பிறகு காற்று. பிறகு உதடு மட்டும்.

தண்ணீர் அவசரப்படாமல் ஏறியது. கழுத்து. வாய். அவிழ்ந்த பின்னல் மேலே மேலே மிதந்தது.

கார்க் கண்ணாடியில் இரண்டு சின்ன உள்ளங்கைகள், விரல் விரித்தபடி, வெள்ளையாக ஒட்டியிருந்தன. அவற்றின் மேல், காருக்குள்ளிருந்தே அவற்றை மெதுவாக மூடிக்கொண்டு, இரண்டு பெரிய கைகள்.