தீபாவளிக்கு முன்னால் வந்த தேர்வு

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் களவு தெரியவந்தது. களவு போனது ஒரு தேர்வு வாரம்.

வைப்பாறு பல்கலைக்கழகத்துக்கு ஐந்து வளாகங்கள். ஐந்துக்கும் ஒரே கல்வி நாட்காட்டி. கல்வியாண்டு பிறந்து மூன்று மாதம் கழித்துத்தான் அதன் நாட்காட்டி பிறக்கும். ஐந்து முதல்வர்களும் ஒரே தேதிக்குத் தலையாட்ட அவ்வளவு காலம் பிடிக்கும். இந்த ஆண்டு ஒருவழியாக ஆட்டியிருந்தார்கள்: பருவத் தேர்வு, தீபாவளி முடிந்த மறுவாரம்.

சிவகாசி அச்சகத்திலிருந்து வந்த மாதிரித் தாளிலோ, தேர்வு தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது.

பதிவாளர் தங்கச்சாமி எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் அல்ல. அன்றைக்கென்று கண்ணாடி சட்டைப்பையில் இருந்துவிட்டது.

"பட்டாசு சீசன் உச்சத்துல பரீட்சையா? சிவகாசிப் பிள்ளைக பாதிப் பேரு வெடி ஆபீஸ் வேன்ல வேலைக்கு ஏறிப் போயிரும். ஹால்ல நாற்காலிதான் உக்காந்து எழுதும்!"

கணினிப் பதிவின்படி திருத்தம் நடந்ததும், திருத்திய தாள் அச்சகத்துக்குப் போனதும் சனிக்கிழமை மூன்றே காலுக்கு. கணினி, ஒருங்கிணைப்பு அறையில் இருப்பது. உள்நுழைந்த கணக்கு, ஒருங்கிணைப்பாளர் பானுப்பிரியாவுடையது. அவள் தற்காலிக ஊழியர். ஆகவே பல்கலைக்கழகம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

"நாலு மணிக்கு அச்சகத்துல மெஷின் ஓடும்," என்றார் பதிவாளர். "அதுக்குள்ள யாருன்னு தெரியணும். தெரியலன்னா பானுப்பிரியாதான். இன்னையோட அனுப்பிற வேண்டியதுதான்."

இதைக் கேட்கப் பர்ஹத் வரவழைக்கப்பட்டிருந்தாள். கணிதத் துறை உதவிப் பேராசிரியை. போன வருடம் விடுதிச் சமையலறையில் மாயமான கோழிகளைக் கண்டுபிடித்த நாள் முதல் வளாகத்தில் அவளுக்குப் பாடம் நடத்த நேரம் கிடைப்பதில்லை.

அவள் முதலில் அறையைப் பார்த்தாள். ஜன்னலில் கம்பி. கதவுக்குப் பூட்டு ஒன்று, சாவி மூன்று: பானுப்பிரியா, கணினிப் பிரிவு தருண்குமார், நாட்காட்டிக் குழுத் தலைவரும் சாத்தூர் வளாக முதல்வருமான விக்னேஷ்வரன். கணினியை யாரும் அணைப்பதில்லை. அணைத்தால் மறுபடி அது எழுந்து உட்காருவதற்குள் ஒரு டீ குடித்து வரலாம். ஆக, கதவைத் திறந்தவருக்கு நாட்காட்டியும் திறந்ததுதான்.

பானுப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"சனிக்கிழமை எங்கன இருந்தே?"

"ரெண்டு மணிக்கு ரூமைப் பூட்டிட்டு சிவகாசிக்கு பஸ் ஏறினேன் மேடம். அச்சகத்துல பேப்பர் சாம்பிள் பாக்கணும்னாக. ஆமத்தூர் தாண்டுறதுக்குள்ள மழை பிடிச்சிருச்சு. ரோட்டுல மரம் விழுந்து பஸ் நின்னுபோச்சு."

"கூட யாரு?"

"தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணுமில்ல. மூணு மணிவாக்குல அம்மாவுக்குப் போன் அடிச்சேன். அது என் கதையைக் கேக்காம, கொடியில போட்ட துணி பூரா நனைஞ்சுபோச்சுன்னு அழுதுச்சு."

அலைபேசியில் அழைப்பு பதிவாகியிருந்தது. பேசியது உண்மை. பேசிய இடம் பேருந்தா, இந்த அறையா என்று அலைபேசி சொல்லவில்லை.

"அம்மா என்ன வேலை?"

"தாயில்பட்டியில வெடி ஆபீஸ் மேடம். இருளம்மாள்னா எல்லாருக்கும் தெரியும்."

அடுத்தது தருண்குமார். உட்காராமலே பேசினான்.

"மின்னல் வெட்டி நூலகத்துல நெட் பெட்டி புகைஞ்சுபோச்சு. அஞ்சு மணி வரைக்கும் நான் ஏணி மேல, நூலகர் ஏணிக்குக் கீழ. கேட்டுக்கோங்க. அவரு ஏணியப் பிடிச்சதைவிட என்னைத் திட்டுனதுதான் ஜாஸ்தி."

நூலகரைக் கேட்டாள். திட்டியதை அவர் பெருமையுடன் ஒத்துக்கொண்டார்.

கடைசியாக விக்னேஷ்வரன், கையில் இனிப்புப் பெட்டியோடு.

"எடுத்துக்கம்மா. மகளுக்குக் கல்யாணம். தீபாவளி கழிச்சு. மண்டபம் கெடைக்காம நாயா அலஞ்சு இப்பத்தான் ஒரு எடம் அமைஞ்சுச்சு."

"சந்தோஷம் சார். சனிக்கிழமை?"

"பசங்கள தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். மதியம் அவங்கள பஸ் ஏத்திவிட்டுட்டு நான் நாலரை வரைக்கும் அங்கதான். நம்ம பானுவோட அம்மா மூணு மணிக்குத் தரைச்சக்கரம் சுத்திக்கிட்டு இருந்துச்சு. கையெல்லாம் வெடிமருந்து. பாவம்மா, அந்தப் பொண்ண ஒண்ணும் செஞ்சிராதீங்க."

பர்ஹத் இனிப்பை எடுத்தாள், வாயில் போடவில்லை. சாத்தூர் வளாகத்துக்கு ஒரு போன் பேசினாள். மணி மூன்றரை ஆகியிருந்தது.

பதிவாளர் அறையில் மூன்று சாவிக்காரர்களும் நின்றார்கள்.

"பானு, உங்க அம்மாவுக்கு இப்பப் போன் அடி. ஸ்பீக்கர்ல போடு," என்றாள் பர்ஹத்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பர்ஹத் மறுபடி அடிக்கச் சொன்னாள். மறுபடியும் யாரும் எடுக்கவில்லை.

"எடுக்காதுங்க மேடம்," என்றாள் பானுப்பிரியா. "வேலை நேரத்துல போன் உள்ள போகாது. வெடி ஆபீஸ் வாசல் கேட்டுலயே வாங்கி வச்சுருவாக."

"அதான். ஆனா சனிக்கிழமை மூணு மணிக்கு உங்க அம்மா எடுத்தாங்க. அன்னைக்கும் வேலை நாள். அதுவும் சீசன். அந்த நேரத்துல துணி நனைஞ்சதைப் பாத்துக்கிட்டு வீட்டுல எப்படி இருந்தாங்க?"

பானுப்பிரியா வாயைத் திறந்தாள். பதில் அவளுக்கு முன்னால் பதிவாளருக்கு வந்துவிட்டது. அவர் மச்சினன் பட்டாசு லைசென்ஸ்காரர்.

"இடி! வானம் உறுமுனா மருந்தத் தொடக் கூடாதுல்ல. போட்டது போட்டபடி எல்லாரையும் வெளிய அனுப்பிருவாகளே."

"அனுப்பிட்டாங்க. மூணு மணிக்கு அந்தக் கம்பெனியில ஆளே இல்ல. இல்லாத ஆளோட கையில மருந்தை ஒருத்தர்தான் பாத்திருக்கார்."

விக்னேஷ்வரன் சிரித்தார். "காலையில பாத்தத மாத்திச் சொல்லிட்டேன். இது ஒரு குத்தமா?"

"காலையில பாத்தது நெசம். அத மூணு மணிக்கு நகர்த்துனீங்க. தேர்வை நகர்த்துன மாதிரியே. தீபாவளி கழிச்சு உங்க மகள் கல்யாணம் எங்க சார்?"

விக்னேஷ்வரன் கையிலிருந்த இனிப்புப் பெட்டியை மூடினார். பர்ஹத்தே சொன்னாள்:

"சாத்தூர் வளாகக் கலையரங்கத்துல. வாட்ச்மேன் பந்தக்கால் இடத்தைக்கூடச் சொன்னார். அங்கதான் தேர்வு பெஞ்சும் போடணும். மணமேடையும் பெஞ்சும் ஒரே வாரத்துல அடங்காது. குழுவுல கேட்டா மத்த நாலு முதல்வர்களும் விட மாட்டாங்க. பானுவோட கணக்குல மாத்துனா கேக்கவே வேண்டாம்."



"ஒரே பொண்ணு தங்கச்சாமி," என்றார் விக்னேஷ்வரன், தரையைப் பார்த்து.

"எங்க அம்மாவுக்கும் நான் ஒரே பொண்ணுதான் சார்," என்றாள் பானுப்பிரியா.

மூன்று ஐம்பது. பதிவாளர் அவளைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தார். அவள் அச்சகத்துக்குப் போன் அடித்தாள். அந்தப் பக்கம் இயந்திரங்களின் இரைச்சல்.

"யாகூப் அண்ணே, மெஷின ஓட்டிறாதீக! பழைய தேதிதான் சரி. ஆமா, தீபாவளிக்குப் பின்னாலதான். இப்பவே அனுப்புறேன்." சற்று நின்று, போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"சார், உங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் இவக கிட்டத்தான் ஓடுதாம். அதையும் நிறுத்தச் சொல்லவா?"

விக்னேஷ்வரன் தலையாட்டினார். அந்த ஆண்டு அவர் இவ்வளவு சீக்கிரம் எந்தத் தேதிக்கும் தலையாட்டியதில்லை.