அடுத்த பங்குனிக்குப் பத்து வருசம்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, ஆவுடை பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, அலமாரி மேலிருந்த நிதானி இரண்டு தரம் விக்கியது. முந்துநகரிலிருந்து யாராவது பேசினால் வெளியே அது குருவி கத்துவதுபோலத்தான் கேட்கும். அதைப் பத்து மடங்கு இழுத்து மனுசக் குரலாக்கித் தருகிற பெட்டிதான் நிதானி. களக்காட்டில் அது இல்லாத வீடே கிடையாது, வீட்டுக்கு ஒருத்தராவது உள்ளே போயிருந்தார்கள்.

"யக்கா, நான்தான். நெஞ்சு லேசாப் பிடிக்க மாதிரி இருக்கு. பயப்படாத, டாக்டர்ட்ட காட்டியாச்சு, ஒண்ணுமில்லன்னுட்டாரு. என்னமோ ஒன்னப் பாக்கணும்போல இருக்கு. சோலி இல்லன்னா ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

அந்தக் குரலுக்கு ஐம்பது வயது. ஆவுடைக்கு முப்பத்தொன்று. பேசியவன் அவளுடைய தம்பி பேச்சிமுத்து.

இரண்டே முக்கால் வருசத்துக்கு முன்னால் இருபத்துமூன்று வயதில் அவன் கிளம்பிப் போனான். அம்மா இறந்த பிறகு தலைவாரி, பொட்டு வைத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதெல்லாம் ஆவுடைதான். அவன் கிளம்பும்போது அவள் நிறைமாதமாக இருந்தாள். "ரெண்டே மாசம் யக்கா, உனக்குப் பிள்ளை பிறந்து பேர் வைக்கதுக்குள்ள படிச்சு முடிச்சுட்டு வந்து நிப்பேன்" என்றான். பொய் சொல்லவில்லை. முந்துநகரைச் சுற்றி ஓடுகிற காலமுடுக்கி அப்படிப்பட்டது. வெளியே ஒரு நாள் கழிந்தால் வளையத்துக்குள்ளே பத்து நாள் கழியும். அங்கே வெயிலும் விளக்கும் எல்லாம் அவர்களாக ஏற்றி அணைப்பது. நாளைக்குப் பரீட்சை என்றால் பிள்ளைகள் இன்றைக்கு உள்ளே போய்ப் பத்து நாள் படித்துவிட்டு வரும். ஒடிந்த கால் நாலு நாளில் கூடி வரும். நாற்பது லட்சம் பேர் இருக்கிற பட்டணம், அங்கே கிடைக்காத படிப்பில்லை, கிடைக்காத வேலையில்லை.

பேச்சிக்கும் வேலை கிடைத்தது, அந்த முடுக்கியைப் பராமரிக்கிற வேலையே. ஒரு நாள் வெளியே வந்தால் உள்ளே பத்து நாள் லீவு. அவனுக்கு வருசத்துக்கே அவ்வளவுதான் லீவு.

ஆவுடை ஒரே ஒரு தடவை உள்ளே போனாள். பிள்ளை பிறந்து மூன்று மாசம், தூக்கமே இல்லாத காலம். காலையில் பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போய், உள்ளே இரண்டரை நாள் இருந்துவிட்டு அன்றைக்கு ராத்திரியே திரும்பிவிட்டாள். அந்த இரண்டரை நாளில் இரண்டு நாளை அவள் தூங்கியே கழித்தாள். பேச்சி பக்கத்தில் உட்கார்ந்து, பக்கத்து அறைக்காரன் பாட்டுப் போட்டால் போய் நிறுத்திவிட்டு வந்தான்.

"உங்கிட்டப் பேசவே இல்லியேடே" என்று வாசலில் நின்று அவள் வருத்தப்பட்டபோது, "அதான் அடிக்கடி வரப்போறல்லா, அப்பப் பேசிக்கிடலாம்" என்று சிரித்தான்.

அவனுக்குப் பெண்ணும் பார்த்தாள். வள்ளியூரில் ஒரு ஜாதகம் வந்தது. தரகர் ஊருக்குப் போயிருந்தார், ஆடி வந்தது, பெண்ணின் பெரியப்பா சம்மதிக்க வேண்டியிருந்தது. நாலு மாசத்தில் பொருத்தம் முடிவானது. நாலு மாசம் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் உள்ளே மூன்று வருசத்துக்கு மேல் ஓடியிருந்தது, மாப்பிள்ளை நேரில் வந்து நின்றபோது பெண்வீட்டார் போட்டோவைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள், காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"காப்பி நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் பேச்சி.

அவன் ஆசைப்பட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். ஆவுடையின் மகள் உமையாளை, தாய்மாமனாகத் தன் மடியில் வைத்துக் காது குத்த வேண்டும். பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் வைத்துத்தான் அந்த வீட்டில் காது குத்துவார்கள். முதல் பங்குனிக்குக் கம்மல் வாங்கிக்கொண்டு, வேட்டி சட்டையோடு முந்துநகர் வாசல்வரைக்கும் வந்துவிட்டான். அன்று காலையில் ஆவுடையின் கணவன் நெல்லையப்பனின் பங்காளி வீட்டுக் கிழவர் இறந்துபோனார். தீட்டு. "இந்த வருசம் வேண்டாம்டே, அடுத்த பங்குனிக்குப் பாத்துக்கிடலாம்" என்று சொல்லி அனுப்பினாள். எல்லாரும் சொல்கிறதுதானே. அவனும் சரி யக்கா என்று திரும்பிப் போனான்.

திரும்பிப் போனவனுக்கு முப்பது வயது. அடுத்த பங்குனிக்கு வந்து தெருவில் நின்றபோது நாற்பது. அன்றைக்குப் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை கட்டியிருந்ததால் வெளியூர்க்காரனை உள்ளே விடக் கூடாது. ஆவுடை ஜன்னலைத் திறந்து பார்த்தாள். காதோரமெல்லாம் நரைத்த ஒரு ஆள், தன் அப்பாவின் சாயலில், கையில் அதே கம்மல் பெட்டியோடு நின்றான்.

"யக்கா, பிள்ளைக்கு எப்படி இருக்கு?"

"தலைக்குத் தண்ணி விட இன்னும் மூணு நாள் ஆகும்டே. இருந்துட்டுப் போறியா?"

மூன்று நாள். அவன் மனசுக்குள் கணக்குப் போடுவது ஜன்னலிலிருந்தே தெரிந்தது. "இல்ல யக்கா. அடுத்த பங்குனிக்கு வாரேன்" என்றான்.

அந்த அடுத்த பங்குனிக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருந்தது, இந்தக் குரல்மடல் வந்தபோது.

ஆவுடை உடனே பதில் சொன்னாள். "வாரேன்டே. நாளைக்குக் காலம்பற முதல் பஸ்ஸுக்கு வாரேன்."

ஆறரைக்கு ஒரு பஸ் இருந்தது. அதில் ஏறியிருந்தால் பத்து மணிக்கெல்லாம் வாசல். நெல்லையப்பன்கூடச் சொன்னான், "இப்பவே போறதுன்னா போ, நான் பிள்ளையப் பாத்துக்கிடுதேன்."

"வெறுங்கையை வீசிக்கிட்டா போகச் சொல்லுதிய? பாவம், முந்திரிக்கொத்து தின்னு எத்தனை வருசம் ஆச்சோ" என்று அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். சிறுபயறை வறுத்து, உடைத்து, வெல்லப் பாகு காய்ச்சி, தேங்காய் வறுத்துப் போட்டு, உருட்டி, மாவில் முக்கி, பொரித்து எடுக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. நன்றாக வந்திருந்தது. ஒன்றுகூடப் பிரியவில்லை. தூக்குச்சட்டியில் அடுக்கி வைத்துவிட்டுச் சந்தோஷமாகப் படுத்தாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு, பஸ் நாங்குநேரியைத் தாண்டும்போது, மடியிலிருந்த கை நிதானி விக்கியது. பேச்சியின் குரல் இல்லை.

"யக்கா, நான் தஸ்நேவிஸ். பேச்சிகூட வேலை பாக்கவன். அவன் போயிட்டான் யக்கா. எங்க இருக்கிய? உடம்ப வச்சிருக்கோம். சீக்கிரம் வாங்க."

பஸ் போகிற வேகத்தில்தான் போனது. டிரைவர் ஒரு இடத்தில் டீ குடித்தார். முந்துநகர் வாசலில் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் புத்தகமும் பாயுமாக அரை மைலுக்கு நின்றன. "என் தம்பி செத்துட்டான், விடுங்க" என்று அவள் சொன்னதும் விட்டார்கள்தான். ஆனால் வாசலுக்கென்று ஒரு சோதனை உண்டு, ரத்த அழுத்தம் பார்த்து, எடை பார்த்து, உடம்பை முடுக்கத்துக்குப் பழக்க வேண்டும். அதை யாருக்காகவும் சுருக்க முடியாது. உள்ளே கால் வைத்தபோது வெளியே மணி ஒன்று.

தஸ்நேவிஸ் வாசலில் நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும், மொட்டைத் தலை. அவளைப் பார்த்ததும் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

"யக்கா... ரெண்டு நாள் வச்சிருந்தோம் யக்கா. அதுக்கு மேல ஆஸ்பத்திரியில விட மாட்டேனுட்டாவ. நேத்து சாயங்காலம்தான்..."

அந்த வயதுக்காரர் தன்னை அக்கா என்று கூப்பிட்டது அவளுக்கு முதலில் புரியவில்லை. இருபத்தாறு வருசமாக ஒருவன் தினமும் அக்கா, அக்கா என்று சொல்லக் கேட்டவர், அவருக்கு அவள் வேறு என்னவாக இருக்க முடியும்?

"எப்ப... எத்தனை நாள் கிடந்தான்?"

"கிடக்கவே இல்ல. நீங்க நாளைக்கு வாரேன்னு சொன்னதும் எந்திரிச்சு, தலைக்குக் குளிச்சு, அறையெல்லாம் தூத்தான். உங்க நாளை எங்களுக்கு ஆறு நாள்லா. வாசலுக்கு எதுத்தாப்புல நாற்காலி போட்டு உக்காந்துகிட்டான். 'மெதுவா வரட்டும்டே, எங்க அக்கா வெறுங்கையோட வர மாட்டா, என்னமாச்சும் செஞ்சுகிட்டு இருப்பா'ன்னு சிரிச்சான். அஞ்சாம் நாள் சாயங்காலம் நான் காப்பி கொண்டுபோய்க் கூப்பிட்டேன்..."

ஆவுடை தூக்குச்சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூன்று மணி நேரம். அவனுக்கு அது ஒன்றேகால் நாள். முந்தின நாள் ஆறரை பஸ்ஸிலேயே வந்திருந்தால் மூன்றாம் நாளே அவன் எதிரில் வந்து நின்றிருப்பாள்.

அறை சின்னது, சுத்தமாக இருந்தது. சுவரில் உமையாளின் போட்டோ. கம்மல் பெட்டியின் வெல்வெட்டு, எடுத்து எடுத்துப் பார்த்து வழுக்கையாகிவிட்டிருந்தது. காது இன்னும் குத்தவில்லை, கம்மலுக்குப் பத்தொன்பது வயது.

வாடகை மாசக் கடைசிவரைக்கும் கொடுத்திருந்தான். தஸ்நேவிஸ் தயங்கித் தயங்கிச் சொன்னார், "பதினாறு கழியட்டும் யக்கா. இங்க முப்பது நாள் இருந்தாலும் ஊர்ல மூணு நாள்தான். வெளிய இருந்து நிறைய பேரு வாராவ, நல்லா அழுதுட்டுப் போறதுக்குன்னே. ஆபீசுல மூணு நாள்தான் லீவு தாராவளாம்."

அது உண்மைதான். தெருமுனையில் அதற்கென்றே ஒரு விடுதி இருந்தது. மூன்று நாள் விடுப்பில் முப்பது நாள் துக்கம் என்று வாசலில் பலகை மாட்டியிருந்தார்கள்.

அவள் விடுதிக்குப் போகவில்லை. தம்பியின் அறையிலேயே தங்கினாள். பதினாறாம் நாள் முந்திரிக்கொத்தை வைத்துப் படைத்தார்கள். அதற்குள் எண்ணெய் சிக்கடித்துப்போயிருந்தது. மற்ற நாளெல்லாம் அவன் நாற்காலியில் உட்கார்ந்து, வாசலைப் பார்த்து அழுதாள். ஒரு நாள் பிள்ளை ஞாபகம் தாங்காமல் "உமையா சாப்பிட்டாளா?" என்று ஊருக்குக் கேட்டு அனுப்பினாள். அன்று முழுக்கப் பதில் இல்லை. பிள்ளைக்கு என்னவோ ஏதோவென்று எழுந்தாள், நடந்தாள், தண்ணீர் குடித்தாள், திரும்ப உட்கார்ந்தாள். மறுநாள்தான் நிதானி விக்கியது. நெல்லையப்பன்.

"சாப்பிட்டா, சாப்பிட்டா. இட்லி ஊத்திக்கிட்டு இருந்தேன், கேட்டதும் உடனே பதில் போட்டுட்டேன் பாரு."

அவளும் அப்படித்தான் உடனே போட்டிருக்கிறாள், அவனுடைய இருபத்தேழு வருசமும்.

முப்பதாம் நாள் அழுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கம்மல் பெட்டியை எடுத்துக்கொண்டு, வாசல்வரை வந்த தஸ்நேவிஸிடம், "வாரேன் தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

களக்காட்டில் சனிக்கிழமை சாயங்காலம். வீட்டு முன்னால் பந்தல் போட்டு, நாற்காலிகள் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தன. துட்டிக்கு வந்த பெண்கள் அவளைக் கண்டதும் ஓவென்று ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். "ஒத்தைக்கொரு தம்பியப் பறிகொடுத்துட்டியே ஆவுடை" என்று மாரில் அடித்துக்கொண்டார்கள். நடுவில் அவள் மரம்போல நின்றாள். கண்ணைக் கசக்கியும் பார்த்தாள். வரவில்லை.

"கூடப்பிறந்தவன் போயி நாலு நாள் ஆகல, ஒரு பொட்டுத் தண்ணி வருதா பாத்தியா?"

"பட்டணத்துக்குப் போயிட்டு வந்தாலே நெஞ்சு கல்லாப் போயிருதும்மா."

அவள் காதில் விழும்படிதான் பேசினார்கள். அவள் உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். உமையாள் அவள் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கித் திறந்து, "எனக்கா?" என்றாள்.

மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் தலையைத் தடவினாள். நல்ல மனுசிதான், ஆறுதலாகத்தான் சொன்னாள்.

"தாய்மாமன் செத்து வருசம் திரும்பாம நல்ல காரியம் செய்யப்படாது, பாத்துக்க. இந்தப் பங்குனி போகட்டும். அடுத்த பங்குனிக்குப் பாத்துக்கிடலாம். என்ன அவசரம்?"

"ஒரு அவசரமும் இல்ல அத்தை" என்றாள் ஆவுடை.

சொல்லிவிட்டு, பழக்கத்தில், அந்த ஒரு வருசத்தை மனசுக்குள் பத்தால் பெருக்கினாள். பெருக்கிய பிறகுதான், இனி எத்தனை பங்குனியைத் தள்ளிப் போட்டாலும் அதனால் வயதாகிப் போக யாரும் இல்லை என்று அவளுக்கு உறைத்தது.