உயரக் குமிழ்

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை முதல் ஓர் இலைகூட அசையவில்லை. மழை வருமா வராதா என்று சொல்ல முடியாதபடி வானம் மங்கிக் கிடந்தது. பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கு, வலக்கையில் சால்டரிங் அயர்னும் இடக்கையில் ஈயக் கம்பியுமாக லிஃப்ட் மெக்கானிக் குனிந்திருந்தபோது, யாரும் தொடாத குமிழ் ஒன்று ‘டிக்’ என்றது.

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்க, வீட்டின் பின்னறையில் ஒட்டுப்பலகையால் அவரே கட்டிய விமானி அறை அது. பழைய கீபோர்டு ஒன்றைப் பிரித்து, அதன் சர்க்யூட் அட்டையில், குமிழ்களின் சுழற்சியை உணரும் ரோட்டரி என்கோடர்களை இணைத்திருந்தார். உயரக் குமிழை வலப்புறம் ஒரு பல் திருப்பினால் ஒரு விசையும், இடப்புறம் திருப்பினால் மற்றொரு விசையும் அழுத்தப்பட்டதாகக் கணினி நம்பிவிடும். திரையிலுள்ள விமானம் நூறு அடி ஏறும், அல்லது இறங்கும்.

மனைவி வெளியூரிலிருந்து திரும்பும்போதெல்லாம், அவள் வரும் அதே வழியில், அதே நேரத்தில் அவரும் இங்கே பறப்பார். “நான் நெஜமா வர்றேன், நீங்க பொய்யா துணைக்கு வர்றீங்க” என்று அவள் கேலி செய்வாள். இன்றும் அவள் வந்துகொண்டிருந்தாள். அவளுடைய விமானம் எங்கே, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பக்கத்தில் வைத்திருந்த கைப்பேசி காட்டியது.

டிக். திரையில் உயரம் முப்பதாயிரத்துத் தொள்ளாயிரம் அடிக்கு இறங்கியிருந்தது.

முதலில் என்கோடரைச் சந்தேகித்தார். மலிவுச் சரக்கு, தொடுமுனை துள்ளியிருக்கலாம். பிறகு, கூடத்தில் படுத்திருந்த மைத்துனனைச் சந்தேகித்தார்.

“மச்சான், அங்கேர்ந்து ஏதாவது விளையாடுறியா?”

“எனக்கு டிவி ரிமோட்டே அடங்க மாட்டேங்குது அத்தான். உங்க ஏரோப்ளேன வேற ஓட்டணுமா?”

டிக். டிக்.

குமிழின் கம்பிகளைச் சூடுகாட்டிக் கழற்றினார். உருகிய ஈயத்தின் நெடி மூக்கை அடைத்தது. டிக். அட்டையின் யுஎஸ்பி வயரையே பிடுங்கி, தரையில் போட்டார். குமிழ் தானாகத் திரும்பியது, எண் குறைந்தது. தற்செயலாகக் கைப்பேசியைப் பார்த்தார். அதிலும் அதே எண்.

மைத்துனன் வந்து எட்டிப் பார்த்தான். “எறங்குற நேரம்தானே அத்தான்?”

“இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குடா. கீழ கடல்.”

அவர் குமிழைப் பிடித்து வலப்புறம் திருப்பினார். திரையில் நூறு அடி ஏறியது. சற்றுப் பொறுத்துக் கைப்பேசியிலும் ஏறியது. அப்படியானால் தாங்கிப் பிடிக்கலாம். அவள் தரை சேரும்வரை இங்கேயே உட்கார்ந்து தாங்கலாம். ஒன்று இறங்கினால் ஒன்று ஏற்றலாம்.

ஆனால் இறக்கம் வேகமெடுத்தது. டிக் டிக் டிக். இருபத்திரண்டாயிரம். பதினெட்டு. இரு கைகளாலும் பற்றினார். விரல் நுனிகள் எரிந்தன. குமிழ் இறுகியிருக்கவில்லை. மறுபுறத்தில் யாரோ பற்றியிருந்தார்கள். இவர் இழுத்தால் விட்டுக்கொடுத்து, இவர் தளர்ந்தால் திருப்பினார்கள். பொறுமையாக.

“பலகைக்குப் பின்னால டார்ச் அடிச்சுப் பாரு. யாரு அது?”

பலகைக்கும் சுவருக்கும் இடையே நான்கு விரல் அகலம்தான். மைத்துனன் கன்னத்தைச் சுவரில் அழுத்தி, வெளிச்சத்தை உள்ளே செலுத்தினான்.

வெளிச்சம் ஓரிடத்தில் நின்றது.

“டேய். யாருடா?”

ஒன்பதாயிரம். ஆறு.

“அத்தான்.” அவன் டார்ச்சை அணைத்தான். “கைய விட்டுருங்க.”

“என்ன பேசுற? உங்கக்கா மேல இருக்கா.”

“அக்கா கைதான் அத்தான். அவ வாட்ச் கட்டியிருக்கா. நனைஞ்சிருக்கு.”

அவர் விடவில்லை. பலகையின் துளை வழியே, குமிழின் தண்டைச் சுற்றி, உப்பு நீர் ஒரு சொட்டு கசிந்து அவருடைய கட்டைவிரலில் இறங்கியது. பிறகு இன்னொன்று.

திரையிலும் கைப்பேசியிலும் எண் பூஜ்யத்தைத் தொட்டது. குமிழ் நிற்கவில்லை, அவருடைய உள்ளங்கைக்குள் அது இடப்புறமாகவே திரும்பிக்கொண்டிருந்தது, இன்னும் கீழே.

மணி நான்கு பதினேழு.