ஏரிக்கரைச் சிந்து காணாமற்போன அன்று

அன்று வாசகசாலையில் இருந்தவர்கள் ஐவர்: திருப்பாச்சூர் நிலக்காரர் பச்சையப்பன், சாவி வைத்திருந்த அவர் மருமகள் இளமதி, நூல்களைப் பொறுப்பேற்கும் கும்மிடிப்பூண்டி அறக்கட்டளைக்காகச் சரிபார்க்க வந்த சசிகுமார், துப்பறிபவர் வரதன், அவருடைய உதவியாளர் ரோஜா.

பச்சையப்பனின் பாட்டனார் பாடி அச்சிட்ட 'ஏரிக்கரைச் சிந்து' நூலில் ஒரே பிரதிதான் மிச்சம். அதைக் காணோம். மாலைக்குள் கிடைக்காவிட்டால் போலீஸில் புகார். அதில் முதலில் வருவது சாவிக்காரியின் பெயர்.

"எங்க ஊட்டுப் பொண்ணு ஸ்டேஷன் படி ஏறுனா நான் உசுரோட இருக்கமாட்டேன்" என்றார் பச்சையப்பன்.

"நான் இன்னா பண்றது நைனா? கம்ப்யூட்டர் லிஸ்ட்ல இருக்குது, அலமாரில இல்ல" என்றான் சசிகுமார்.

வெளியே ஒரு வண்டி நின்றது. போலீஸோ என்று இளமதி வாசலை எட்டிப் பார்த்தாள். பால் வண்டிதான், போய்விட்டது.

ரோஜா குறுக்கிட்டாள். "சார், பூட்டு உடையல. அப்போ சாவி வெச்சிக்கினு இருக்கறவங்கதானே..."

"அவசரப்படாத. ஒரு புக் போயிருந்தா சந்து தெரியணும். இங்க விரல்கூட நுழையல, தூசியும் கலையல" என்ற வரதன், சசிகுமாரிடம் திரும்பினார். "எப்படிப்பா சரிபார்த்தே?"

"அலமாரிக் கண்ணாடி வழியா, புக் முதுகுல இருக்கற பேரைப் படிச்சு. பெரியவர் தொடவே வுடல சார்."

கிழிந்துவிடும் என்று பச்சையப்பனே அவற்றைத் தொட்டதில்லை.

வரதன் ஒரு நூலைக் காட்டினார். முதுகில் 'வெள்ளக் கும்மி'. "கும்மிப் பாட்டு எத்தினி பக்கம் இருக்கும்? இது இன்னா செங்கல்லு மாதிரி?"

திறந்தார். கும்மி சீக்கிரமே முடிந்தது. அதற்குப் பின்னே, அதே அட்டைக்குள், ஏரிக்கரைச் சிந்து. சிறு நூல்களைச் சேர்த்துத் தைப்பது அந்தக் காலத்து வழக்கம்.

"போன வருஷம் பட்டியல் போட்ட அருணா ஒவ்வொண்ணையும் திறந்து பாத்து, நூலக முறைப்படி சரியாத்தான் போட்டிருக்காங்க. படைப்பு வேற, கையில புடிக்கிற பிரதி வேற. ரெண்டு படைப்பு, அதனால ரெண்டு பதிவு. நீ பதிவுக்கு ஒரு அட்டைன்னு தேடினே. இங்க அட்டை ஒண்ணுதான்" என்றார் வரதன் சசிகுமாரிடம்.

சசிகுமார் தலையைச் சொறிந்தான். யாரும் சிரிக்கவில்லை.

இளமதி மெல்லக் கேட்டாள்: "மாமா, நீங்களும் என்னையா நெனச்சீங்க?"

"கேக்காதம்மா" என்றார் பச்சையப்பன். அவளை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.

இளமதி அன்றே கோபித்துக்கொண்டு கடம்பத்தூர்த் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். மறுநாள் காலையில் வாசகசாலையைத் திறந்தது அவள்தான்.