நலச்செவிக்குச் சொன்ன பதில்

சகாயராஜ் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டான். அந்தக் குற்றத்துக்காக மறுபடியும் ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது.

செவிலியர்கள் இருவர் அவனை உட்காரவைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். "மனதை விட்டுவிடாதீர்கள். நாங்கள் இருக்கிறோம்" என்று செக் மொழியில் தேறுதல் சொன்னார்கள். அவன் திருதிருவென்று விழித்ததைப் பார்த்து அவன் மனைவி பிலோமினாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வண்டி போனதும் சுவரில் இருந்த நலச்செவி இயந்திரத்தைக் காட்டிக் கத்தினான். "ஏட்டி, எப்படி இருக்கீங்கன்னு அது கேட்டா, நல்லாருக்கேன்னு சொல்லாம வேற என்னத்தச் சொல்ல? தூத்துக்குடில சாகக் கெடக்கவன்கூட அப்படித்தானட்டி சொல்லுவான்!"

"அங்க சொல்லுவான். இங்க எவனும் சொல்ல மாட்டான். அதாங்க வினையே."

அந்த வினையைச் செய்து வைத்தவளே அவள்தான்.

நலச்செவி இங்கிலாந்தில் பிறந்தது. தினமும் காலையில் வீட்டாரை நலம் விசாரிக்கும். எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். சொல்லையும் குரலையும் எடைபோட்டு, உணவோ விறகோ ஆம்புலன்ஸோ, தேவைப்பட்ட வீட்டுக்குத் தேவைப்பட்டதை அனுப்பும். அது செக் நாட்டுக்கு வந்ததும், இனி எதற்குத் தண்டச் செலவு என்று அவசர உதவி எண்ணையே அரசு மூடிவிட்டது. மக்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: காது இருக்கலாம், கண் இருக்கக் கூடாது. வீட்டுக்குள் எட்டிப்பார்த்த பழைய ஆட்சியை அவர்கள் மறக்கவில்லை.

அந்த இயந்திரத்தின் ஆங்கில நலச்சொற்களைச் செக் மொழிக்கு மாற்றும் வேலை, அங்கே படிக்க வந்து அங்கேயே தங்கிவிட்ட பிலோமினாவுக்குக் கிடைத்தது. நலமாக இருப்பதைக் குறிக்கும் 'வெல்பீயிங்' என்ற முதல் சொல்லிலேயே இடறியது. அகராதி காட்டிய செக் சொல்லில் பணக்கார வாடை அடித்தது. அதைத் தள்ளிவிட்டு 'போஹொதா' என்ற சொல்லை எடுத்தாள். காலை நீட்டி உட்கார்ந்து, கையில் பீர்க் கோப்பையோடு, கவலை இல்லாமல் இருக்கும் நிலை அது.

சொல் பொருந்தியது. மனிதர்கள்தான் பொருந்தவில்லை. செக் நாட்டுக்காரர் போஹொதாவில் இருக்கும்போதுதான் அதிகம் புலம்புவார். முதுகு வலி, நெஞ்சு வலி, நாடு நாசமாய்ப் போகிறது என்பார். அடுத்த கோப்பைக்குக் கையைக் காட்டுவார். முதல் குளிர்காலத்தில் நலச்செவி அத்தனையையும் நம்பியது. கல்லுக்குண்டாட்டம் இருந்தவர்களின் வீட்டு வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் முட்டி மோதின.

பிலோமினா உட்கார்ந்து சொற்களின் எடையை மாற்றினாள். புலம்பல், முனகல், விம்மல், குரல் நடுக்கம், பெருமூச்சு எல்லாம் சுகத்தின் அடையாளம். 'ரொம்ப நன்றாக இருக்கிறேன், எதுவும் வேண்டாம்' என்று ஒருவர் அந்த ஊரில் சொன்னால் அவர் வாழ்வைக் கைவிட்டவர், உடனே ஓடு. வண்டிகளின் நெரிசல் தீர்ந்தது. நிறுவனம் அவளுக்கு விழா எடுத்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நிஜமாகவே வலித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று புகார் எதுவும் வரவில்லை. புகார் சொல்ல அவர்கள் இருந்தால்தானே.

தன் வீட்டு வாசலிலேயே வண்டி நிற்பதுதான் அவளுக்கு மானக்கேடாக இருந்தது.

"நாளைலருந்து நீங்களும் பொலம்புங்க. நெஞ்சு வலிக்கி, குளிரு கொல்லுதுன்னு சொல்லுங்க. அது கம்முனு கெடக்கும்."

"ஒன் வாய்ல நல்ல வார்த்தையே வராதா?" என்று முணுமுணுத்தான். ஆனாலும் கற்றுக்கொண்டான். போகப்போக அதில் ருசி கண்டுவிட்டான். பல் துலக்கிக்கொண்டே இல்லாத வியாதிகளையெல்லாம் அடுக்குவான். அவள் பேரிலும் இரண்டை ஒட்டிவிட்டுச் சிரிப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பியவன், சட்டைப் பொத்தானைப் போடும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். முகம் வியர்த்து வெளுத்தது.

"பிலோமி... நெசமாவே வலிக்கிட்டி..."

அவள் சுவரைப் பார்த்துச் செக் மொழியில் அலறினாள். "என் கணவருக்கு நெஞ்சு வலி! சாகக் கிடக்கிறார்! காப்பாற்றுங்கள்!"

"மகிழ்ச்சி" என்றது நலச்செவி, அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்த இதமான குரலில். "உங்கள் வீடு போஹொதாவில் இருக்கிறது."

ஓடிப்போய்ப் பக்கத்துக் கதவுகளை இடித்தாள். வார இறுதி, எல்லாரும் காட்டுப்புறத்துக் குடில்களுக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்து இன்னும் சத்தமாக அலறினாள். இயந்திரம் இன்னும் மகிழ்ந்தது. அப்போதுதான் தான் எழுதிய விதி அவளுக்கு உறைத்தது.

மண்டியிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள்.

"நாங்கள் ரொம்ப நன்றாக இருக்கிறோம். எங்களுக்கு எதுவும்..." விம்மல் முந்திக்கொண்டது.

"மகிழ்ச்சி" என்றது சுவர்.

மறுபடியும் சொன்னாள். குரல் நடுங்கியது. மறுபடியும் சொன்னாள். பெருமூச்சு கலந்தது. ஒவ்வொரு முறையும் அது மகிழ்ச்சி தெரிவித்தது. அவள் கைக்குள் இருந்த அவன் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிடியை விட்டன.

அவன் மூச்சு நின்றது அவளுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அழுகை வரவில்லை, நடுக்கமும் வரவில்லை.

"நான் ரொம்ப நன்றாக இருக்கிறேன்" என்றாள். "எனக்கு எதுவும் வேண்டாம்."

"தைரியமாக இருங்கள்" என்றது நலச்செவி. "உதவி கிளம்பிவிட்டது."

ஆம்புலன்ஸ் விரைவாகவே வந்தது. செவிலியர்கள் தரையில் கிடந்தவனைத் தாண்டி நேராக அவளிடம் வந்து, தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

"மனதை விட்டுவிடாதீர்கள். நாங்கள் இருக்கிறோம்."